கங்கைக்கரையில் நான் கட்டிய தோணி

திருகோணமலைப் பட்டினத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு தலைக்கனம் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். பள்ளிக்கூட யன்னலால் பார்த்தால் கடல், கோயிலுக்குப் போனால் கடல், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கடலின் சத்தம். அதனால் நீச்சல், தோணி, கயிறு, நங்கூரம் எல்லாம் பிறக்கும்போதே கூட வந்தவை என்று ஓர் எண்ணம். எனக்கு அந்த எண்ணம் மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடவே இருந்தது. துறைமுகத்தில் ஆறு வருசம் லோஞ்சு என்கிற இஞ்சின் படகுகளில் வேலை செய்து, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கட்டி அவிழ்த்த கை என்னுடையது. என் முடிச்சைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் சிரித்த முகமாக இருப்பேன். குறை சொல்லிவிட்டால் வீட்டில் சட்டி பானை உருளும்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. மகாவலியில் பெரிய அணைகள் வராத காலம். எங்கள் பக்கத்தில் அதை மகாவலி என்று யாரும் சொல்வதில்லை, கங்கை என்றுதான் சொல்வார்கள். அந்தக் கங்கையில் மன்னம்பிட்டியில் தோணியை இறக்கி, இரவில் கரையில் தங்கித் தங்கி, கொட்டியாரக் குடாவில் அது கடலோடு சேரும் இடம் வரைக்கும் வருவதென்று நாங்கள் நாலு பேர் முடிவு செய்தோம். ஏன் என்று கேட்டால் எங்களிடம் நல்ல பதில் இல்லை. கலியாணம் ஆகாத நாலு உத்தியோகக்காரர்கள், ஓகஸ்ட் லீவு, தேத்தண்ணிக் கடையில் வளர்ந்த கதை. அவ்வளவுதான்.

மற்ற மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் மூதூர்க்காரன். என்னோடு அதே லோஞ்சுகளில் இஞ்சின் பார்த்தவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் அதைத் திருப்பிச் சொல்லமாட்டான். இன்னொருவன் துறைமுக ஸ்டோரில் வேலை, பட்டினத்துக் கத்தோலிக்கன், கோயிலில் பாடுகிறவன். எங்கள் சமையலும் அவன் பொறுப்பு. மூன்றாமவர் தம்பலகாமத்து வாத்தியார். எங்களை விட ஐந்து வயது மூத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் 'நீங்கள்'. யானைக் காட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அதனாலேயே யானைக்கு எங்கள் எல்லாரையும் விடப் பயந்தவர்.

தோணிகள் இரண்டு. சின்னது ஸ்டோர்க்காரனின் மாமனுடையது, இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். பெரியது மூதூர்க்காரனின் நானாவுடையது. நானா என்றால் அவனுடைய மூத்த அண்ணன். அந்தத் தோணியில்தான் நானா குடாவில் வலை போட்டு ஐந்து பிள்ளைகளையும் உம்மாவையும் பார்த்தார். அவர் அதைத் தரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். தம்பி கேட்டான் என்பதற்காகத் தந்தார். தரும்போது எங்கள் நாலு பேருக்கும் முன்னால் ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"பகல்ல ஆர் வேணுமெண்டாலும் ஓட்டுங்க. பின்னேரம் கரையில கட்டுறது மட்டும் நீ கட்டு. வேற ஆரையும் கட்ட விடாத."

"ஓம் நானா" என்றான் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. துறைமுகத்தில் எவ்வளவு பெரிய லோஞ்சுகளை எல்லாம் கட்டுகிற என்னை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கதை. பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தச் சொல்லை நான் விழுங்கவில்லை, வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் நெல் ஏற்றப் போகிற ஒரு வெறும் லொறியைப் பிடித்துத் தந்தார். கிண்ணியாத் துறையில் தோணிகளை ஏற்றினோம். பெரிய தோணியின் முன்பக்க அணியம் லொறிக்கு வெளியே ஆறடி நீட்டிக்கொண்டு நின்றது. அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டோம். ஹபரணையில் மறித்த பொலிஸ்காரர் லொறியை இரண்டு தரம் சுற்றி வந்தார். "கடல் இருக்கிறது உங்களுக்குப் பின்னால. தோணியை எங்கே கொண்டு போறீங்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஸ்டோர்க்காரன் விளங்கப்படுத்தினான். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை, விசர்ப் பைத்தியங்கள்தான் என்று முடிவு செய்தவர் போலக் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

மன்னம்பிட்டிப் பாலத்துக்குக் கீழே இறக்கியபோது கங்கையில் தண்ணீர் இடுப்பளவுதான். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுக் காலம். எங்கள் பக்கத்தில் சோளகம் என்றால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இராது, கிணறு அடி தட்டும், புல் கருகும். கங்கையும் அப்படித்தான் கிடந்தது, பாதி தண்ணீர், பாதி மணல். முதல் நாள் நாங்கள் தோணி விட்டதை விடத் தோணி இழுத்ததுதான் கூட. வெள்ளை மணல் திட்டுகள், கரையில் வேர்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்கிற மருத மரங்கள், அவற்றுக்குப் பின்னால் காடு. வாய் திறந்தபடி கிடந்த முதலையைக் கண்டதும் ஸ்டோர்க்காரன் பாட்டை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் முதலைகள் பழகிவிட்டன, அவன் மீண்டும் பாடத் தொடங்கினான்.

முதல் பின்னேரம் மூதூர்க்காரன் சொன்னபடி பெரிய தோணியைத் தண்ணீரிலிருந்து மணல் திட்டுக்கு மேலால் இழுத்து, கரை மேட்டில் ஏற்றி, ஒரு மருத மரத்தில் கட்டினோம். நூற்றைம்பது அடி தூரமாவது இருக்கும். நாலு பேரின் முதுகும் கழன்றுவிட்டது. அவன் கட்டிய முடிச்சை நான் போய்ப் பார்த்தேன். ஒரு சுற்று, மேலே இரண்டு சாதாரணக் கொளுவல். மாடு கட்டுகிற முடிச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லாததை அவன் கண்டுகொள்ளும் விதமாகத்தான் நின்றேன்.

அந்த இரவும் அடுத்த பகலும் நல்லவை. என் வாழ்க்கையில் இருந்த நல்ல நாட்களை எண்ணச் சொன்னால் அந்த ஒரு பகலை இன்றைக்கும் எண்ணுவேன். காலமை மணலில் யானையின் அடிகள், ஒவ்வொன்றும் சுளகு அளவில், எங்கள் அடுப்புக்கு முப்பது அடி தூரத்தில். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் பேசவே இல்லை. பகல் முழுவதும் தண்ணீரே எங்களைக் கொண்டுபோனது. துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தோம். மூதூர்க்காரனும் நானும் பெரிய தோணியில். அவன் அணியத்தில், நான் பின்னால். ஆறு வருசம் ஒன்றாக வேலை செய்தும் அவனுடைய வாப்பா எப்படி மௌத்தானார் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். குடாவில் ஒரு புயலில் இறந்தார் என்றான். அந்தத் தோணி வாப்பா தனக்கென்று சொல்லி வெட்டுவித்த மரமாம். வாப்பா அதில் ஏறவே இல்லையாம், மரம் வெட்டி முடிய முன்னம் போய்விட்டார். பிறகு நானா பதினேழு வயதில் அதை முடிப்பித்துக் கடலில் இறக்கினாராம். அவன் இதைச் சொல்லும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவன் முதுகைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் கேட்ட பிறகுதான் அன்று பின்னேரம் நான் அதைச் செய்தேன். அதனால்தான் எனக்கு இதற்கு மன்னிப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

நல்ல அகலமான மணல் திட்டொன்றில் ஒதுங்கினோம். தங்குகிற இடம் மேலே, மரங்களுக்கிடையில். அரிசி, சட்டி, பானை எல்லாம் சின்னத் தோணியில் இருந்தபடியால் அதை அப்படியே மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். பெரிய தோணி மணலில் கிடந்தது. மூதூர்க்காரன் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினான்.

"வா மச்சான், மேல இழுப்பம்."

எனக்குக் கை எரிந்தது, பசி. தண்ணீரைப் பார்த்தேன். மணலில் ஈரக் கோடு துலக்கமாகத் தெரிந்தது. எங்கள் குடாவில் தண்ணீர் ஏறினால் ஒரு முழம், இறங்கினால் ஒரு முழம். கரையில் ஈரக் கோட்டைப் பார்த்து, அதற்கு நாலு பாகம், அதாவது நாலு ஆள் நீளம், மேலே இழுத்துவிட்டால் தோணி விடியும் வரை அசையாது. பட்டினத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோணி அப்போதே ஈரக் கோட்டுக்கு நல்ல மேலே கிடந்தது. வானமோ கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி.

"இது காணும், மேல இழுக்கத் தேவையில்ல. கம்பை இறக்கிக் கட்டி விடுவம்" என்றேன்.

"காணாது மச்சான். கங்கை வரும்."

"எங்கயிருந்து வரும்? மழை எங்க? ஈரக் கோடு எங்க கிடக்கெண்டு பார்."

"மரத்தடிக்குக் கொண்டு போவம். நானா சொன்னவர்..."

அந்தச் 'சொன்னவர்' என்ற சொல் வந்ததும் இரண்டு நாளாக வாயில் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "உன்ர நானா மாடு கட்டுறவர். நான் துறைமுகத்தில கட்டுறவன். கயிறு கட்ட எனக்கு நீ படிப்பிக்க வேண்டாம். நீ போய்ச் சோத்தைப் பார்" என்றேன். மேட்டிலிருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கயிற்று நுனியை மணலில் வைத்துவிட்டு மேட்டில் ஏறிப் போனான். நான் தோணியிலிருந்த ஊன்றுகம்பை எடுத்து ஆள் பலத்தோடு மணலில் இறக்கி, துறைமுகத்தில் கட்டுகிறபடி கட்டினேன். இரண்டு சுற்று, மூன்றாம் சுற்றை அடியால் எடுத்து, நுனியை மடித்து உள்ளே செருகி, மேலே ஒரு பூட்டு. நல்ல முடிச்சு. தள்ளி நின்று பார்த்து மெச்சிக்கொண்டேன்.

விடிய முகம் கழுவ இறங்கினேன். மணல் திட்டு இல்லை. தோணி இல்லை என்று சொல்லவில்லை, திட்டே இல்லை. நேற்று நாங்கள் நடந்த இடமெல்லாம் மண் நிறத் தண்ணீர், ஒரு சத்தமும் இல்லாமல், நாங்கள் படுத்திருந்த மேட்டின் காலை உரசிக்கொண்டு போனது. ஒரு மரக்கிளை மிதந்து வந்து என் கண்ணுக்கு முன்னாலேயே வளைவைத் தாண்டிப் போய்விட்டது. வானத்தில் அப்போதும் மேகம் இல்லை.

சோளகம் எங்களுக்கு வெயில், கங்கை பிறக்கிற மலைநாட்டுக்கு மழை. அங்கே இரண்டு நாளைக்கு முன்னம் கொட்டியது இரவோடு இரவாக எங்கள் காலடிக்கு வந்திருக்கிறது. கங்கையின் வாயில் வாழ்கிற மூதூர்ச் சனத்துக்கு அது தெரியும். கடலை மட்டும் பார்த்து வளர்ந்த எங்களுக்குத் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைத் தவிர வேறு வானம் இருப்பதே நினைவில் இல்லை. ஈரக் கோட்டைப் பார்த்துத் தோணி கட்டுவது கடலுக்குச் சரி. ஆற்றில் ஈரக் கோடு நேற்றையது, அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். வாத்தியார் "ஐயோ" என்றார். ஸ்டோர்க்காரன் சிலுவை போட்டுக்கொண்டான். மூதூர்க்காரன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தேத்தண்ணியக் குடிச்சிட்டு வெளிக்கிடுவம்" என்றான்.

இரண்டு பேருக்கான சின்னத் தோணியில் நாலு பேர் ஏறினோம். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல்தான் இடைவெளி. சாக்குகளில் பாதியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்தோம், யானைக்கோ குரங்குக்கோ போகட்டும் என்று. தும்மல் வந்தால் முதலில் சொல்ல வேண்டும் என்று வாத்தியார் சட்டம் போட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும், விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்திலும் நான் ஒரு கறுத்த நீளமான உருவத்தைத் தேடினேன். கண்டவை எல்லாம் கட்டைகள்.

உச்சி வெயில் நேரத்தில் கங்கை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்தோம். இடது பக்கம் போனால் மூதூர். வலது பக்கம் வெருகல், அதற்கப்பால் ஈச்சிலம்பற்றுக் கரை, பிறகு திறந்த கடல். தோணி வலது பக்கம் போயிருந்தால் இந்நேரம் கடலில் இருக்கும், பிறகு தேடி வேலையில்லை. ஐந்து பிள்ளைகளும் உம்மாவும் ஒரு முடிச்சின் முனையில் வந்து நிற்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

மூதூர்க்காரன் தோணியின் அடியில் கிடந்த, முதல் நாள் குடித்த குரும்பை இளநீரின் வெறுங் கோம்பை மூன்றை எடுத்து நடு ஆற்றில் ஒவ்வொன்றாகப் போட்டான். நாங்கள் ஒரு கொப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். ஒன்று வலது பக்கம் போனது. இரண்டாவது சுழன்று சுழன்று நின்று, கடைசியில் இடது பக்கம். மூன்றாவதும் இடது பக்கம்.

"இடது" என்றான்.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். ஆற்றைக் கடக்கிற துறையொன்று வந்தது. கரையில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும், தலையில் நனைந்த சேலைத் தலைப்பு. எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் தலையில் வைத்தாள். அவளுக்குப் பின்னால், தண்ணீருக்குள் சாய்ந்த ஒரு மரத்தில், எங்கள் தோணி.

"உயிரோடதான் இருக்கிறியளோ!" என்று கத்தினாள். "விடியப்புறம் உடுப்புத் தோய்க்க வந்தனான். வெறுந் தோணி வந்து இந்தக் கொப்பில மாட்டினது. ஆக்கள் தண்ணியில தாண்டு செத்துப் போச்சினம் எண்டு நினைச்சன். சவமாவது வந்தால் இழுத்துப் போடுவம் எண்டு இந்த நேரம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காமல் நிக்கிறன். ஆர் கட்டினது இந்தத் தோணியை?"

அவள் எங்கள் எல்லாரையும் பொதுவாக ஏசினாள். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு செம்பு மோர் தந்தாள். முன்பின் தெரியாத நாலு சவத்துக்காகப் பட்டினி கிடந்த பெண். அவளை நான் பிறகு ஒரு நாளும் காணவில்லை. ஆனால் 'ஆர் கட்டினது' என்ற அந்தக் குரல் மட்டும் போகவில்லை.

தோணி பிழைத்திருந்தது, ஆனால் முழுதாக இல்லை. ஒரு பக்க விளிம்புப் பலகை பெயர்ந்து போயிருந்தது. அணியத்துக்குக் கிட்ட ஒரு முழ நீளத்தில் வெடிப்பு. கயிறு முன்னாலே தொங்கியது, அதன் நுனியில் நான் இறக்கிய கம்பும் அப்படியே. மணல் கரைந்ததும் கம்பு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. மூதூர்க்காரன் அதை அவிழ்க்கப் பார்க்கவில்லை. கம்போடு கயிற்றைச் சுருட்டித் தோணிக்குள் போட்டான்.

சாரத்தைக் கிழித்து வெடிப்பில் அடைத்து, களிமண் பூசி இறக்கினோம். அப்படியும் தண்ணீர் வந்தது. அந்தப் பின்னேரமும் அடுத்த நாள் காலமையும் நான் சோற்றுப் பானையால் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்தேன். "நான் மாறுறன், கொண்டா" என்று அவன் இரண்டு தரம் கேட்டான். கொடுக்கவில்லை. கை கொப்பளித்து உடைந்தது. அதுவே போதும், அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கப் பார்த்தேன்.

கங்கை அகலமாகி, கரையில் கண்டல் மரங்கள் தெரியத் தொடங்கின. உப்பு மணம் வந்தது. அப்போது கேட்டேன்.

"நானாட்ட என்ன சொல்லுறது?"

"அத நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், தோணியைத் தொலைத்ததை விட, அவனிடம் அப்படி எடுத்தெறிந்து பேசியதை விட, அந்த 'அப்பாடா'வை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் முகம் சுடுகிறது.

மூதூர்க் கரையில் நானா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழுந்து தண்ணீருக்குள் வந்தார். எங்களோடு ஒன்றும் கதைக்கவில்லை, தோணியோடுதான் முதலில் கதைத்தார் என்று சொல்ல வேண்டும். பெயர்ந்த விளிம்பில் கையை வைத்து நீளத்துக்குத் தடவினார். வெடிப்பில் விரலை வைத்தார்.

"ஆர் கட்டினது?" என்றார். அதே கேள்வி.

"நான்தான் நானா கட்டினன்" என்றான் தம்பி. "மேல ஏத்தாம விட்டிட்டன். பிழை என்ட."

நான் அவர்களுக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். இல்லை நானா, நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? ஒரு மூச்சுப் போதும். வாத்தியார் நிலத்தைப் பார்த்தார். ஸ்டோர்க்காரன் என்னைப் பார்த்தான். நான் குடாவுக்கு அப்பால் தெரிந்த பட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நானா தோணிக்குள் குனிந்து கயிற்றை எடுத்தார். கம்பும் கூட வந்தது. அந்த முடிச்சைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கத்தியால் கம்புக்குக் கிட்டக் கயிற்றை வெட்டி, முடிச்சுள்ள கம்பைத் தன் காலடியில் வைத்தார். மிச்சக் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, தண்ணி ஏறுது. அந்தத் தூணில இதக் கொஞ்சம் கட்டி விடுங்க."

வாங்கிக்கொண்டு போய்க் கட்டினேன். இரண்டு சுற்று, மூன்றாம் சுற்றை அடியால் எடுத்து, நுனியை மடித்து, பூட்டு. கை தன்பாட்டில் செய்தது. கட்டி முடித்துத் திரும்பியபோது நானா தூணைப் பார்த்தார். பிறகு காலடியில் கிடந்த கம்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவரின் பார்வை.

"வாங்க, சாப்பிடுவம்" என்றார்.

வீட்டில் பாய் விரித்து நாலு பேருக்கும் சோறு. கணவாய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல். உள்ளே ஐந்து பிள்ளைகளின் சத்தம். நானா தானே எங்களுக்குப் பரிமாறினார். எனக்குச் சோறு போட்டுவிட்டு என் முன்னாலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிறகு இரண்டாம் தரம் போட்டார், திரும்பவும் குந்தியிருந்தார். நான் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டேன். பின்னேர லோஞ்சில் பட்டினத்துக்கு வந்துவிட்டேன்.

நானா தோணியைத் திருத்த ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் அவர் இன்னொருவரின் வலையில் கூலிக்குப் போனார் என்று ஸ்டோர்க்காரன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். மூதூர்க்காரன் வழமை போல வேலைக்கு வந்தான், வழமை போலக் கதைத்தான். அவனுடைய கலியாணத்துக்குப் போனேன், என்னுடையதற்கு அவன் வந்தான். கங்கைப் பயணக் கதை வந்தால் யானை அடி, பொலிஸ்காரர், வாத்தியாரின் தும்மல் சட்டம் இவற்றோடு நிறுத்திக்கொள்வோம். சொல்லலாம் சொல்லலாம் என்று நான் பதினைந்து வருசத்தைக் கடத்தினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானா மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. லோஞ்சில் போனேன். சனம் எல்லாம் போன பிறகு அவனும் நானும் கரையில் இருந்தோம். அந்தத் தோணி மணலில் நல்ல மேலே ஏற்றிக் கிடந்தது, ஒரு பக்கத்து விளிம்புப் பலகை மட்டும் நிறம் வேறாக.

"நான் நானாட்டச் சொல்லாமலே விட்டிட்டன் மச்சான்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழுதுவிட்டேன்.

"நானாக்குத் தெரியும்" என்றான். "அண்டைக்கு உன்னக் கட்டச் சொன்னதே அதுக்குத்தானே. அந்த முடிச்சு நான் கட்டுற முடிச்சா?"

"எனக்கும் அது விளங்கினது. அப்ப ஏன் அவர் ஒண்டும் கேக்கேல்ல?"

அவன் எட்டி அந்த வேறு நிறப் பலகையில் கையை வைத்தான்.

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர். நீ போன பிறகு என்னட்டச் சொன்னவர், 'அவன் சொல்லுவான் எண்டுதான் நான் திரும்பத் திரும்பச் சோறு போட்டன்' எண்டு. மூண்டு தரம் போட வந்தவர். நினைவிருக்கா?"

நினைவிருக்கிறது. இரண்டு தரம் வாங்கினேன். மூன்றாம் தரம் அவர் அகப்பையோடு குனிந்தபோது, போதும் என்று நான்தான் கையால் மறித்தேன்.